மீன் துப்பாக்கிக்கு ரப்பர் வாங்கும் விஷயமாக

தூத்துக்குடியில் இருக்கும் மைத்துனர் பரமசிவனுக்கு, புதூர் பக்கத்துக் கரிசலிலிருந்து அத்தான் பூவனநாதன் எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் சுகம். உங்கள் அக்கா போனபிறகு சமையல் என் கைக்கு வந்துவிட்டதால், அதைச் சாப்பிடாத ஆடுகள் என்னைவிடக் கூடுதல் சுகம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் ஆடுகளின் சுகத்தையே ஆண்டவன் அருளட்டும்.

போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் மகன் சீனி பேரை எடுத்தால் எனக்குப் பாதியில் பேச்சு நின்றுவிடுகிறது. நீங்கள் டவர் இல்லை என்று நினைத்து வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மருமகன் சீனி அந்தமானில் படகு இன்ஜின் வேலை பார்ப்பதும், லீவு நாளில் கடலுக்குள் முங்கி மீன் குத்துவதும் உங்களுக்குத் தெரியும். ஐப்பசியில் மட்டும் முழங்கால் தண்ணீர் பார்க்கிற ஊரில் பிறந்தவனுக்கு இந்தப் புத்தி எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அக்கா காரியத்துக்கு வந்தபோது, இனி அப்பாவோடுதான் என்று சாமான் அத்தனையையும் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் ஒன்று அந்த மீன் துப்பாக்கி. தோட்டா கிடையாது, நீளக் கட்டையின் மேல் ஒரு ஈட்டி, அதை உந்தித் தள்ள முன்னால் ரப்பர். நம் உண்டிவில்லுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். காரியம் முடிந்ததும், "இந்த வீட்டுக்குள்ள இருக்க முடியலப்பா, எங்கன திரும்பினாலும் அம்மா நிக்கிற மாதிரியே இருக்கு" என்று ஒரு பையோடு கிளம்பிவிட்டான். துப்பாக்கி என்னோடு நின்றுவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள், மண்வெட்டி, மருந்தடிக்கிற பம்பு எல்லாம் துடைத்து வைத்தவன், இதுவும் ஆயுதம்தானே என்று கூடவே வைத்தேன். சந்தனம் குங்குமத்தோடு விட்டிருக்கலாம். ரப்பர் காய்ந்து கிடக்கிறதே, பிள்ளை வந்தால் பளபளவென்று இருக்கட்டுமே என்று நல்லெண்ணெயைத் தேய்த்தேன். என் முழங்காலுக்குக்கூட அவ்வளவு எண்ணெய் கொடுத்ததில்லை. ரப்பர் சந்தோஷத்தில் ஊதியது. பிறகு பிசுபிசுத்தது. பிறகு தொட்டால் கையோடு வந்தது. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்று அப்புறம்தான் தெரிந்தது. அதைச் சொல்ல வேண்டியவள் படத்துக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் சீனி போன் செய்தான். "அப்பா, கூட வேலை பாக்குத செல்வகணேஷ் எட்டயபுரத்துக்கு லீவுல வந்திருக்கான். அடுத்த மாசம் திரும்புதான். புது ரப்பர் மாட்டி அவன்ட்ட குடுத்து விடுங்க" என்றான்.

"நீ எப்பம்லே வாரே?"

"பாப்பம்ப்பா."

அக்கா போனதிலிருந்து இந்தப் 'பாப்பம்' ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உடனே கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி மாரிராஜ் சைக்கிள் கடைக்குப் போய் நல்ல ரப்பராகக் கேட்டேன். "எதுக்கு அண்ணாச்சி?" என்றான். மீன் குத்த என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "மார்க்கெட்டுல செத்த மீனே குமிஞ்சு கெடக்கு, அதைப் போயி மறுபடியும் ஏன் குத்துதீய?" என்றான். ஆனாலும் லாரி டியூபை வார் வாராக வெட்டி, முறுக்கிக் கட்டிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து அதை இழுத்து மாட்ட நான் காலை வைத்து, வயிற்றை வைத்து, குலதெய்வத்தையும் கூப்பிட வேண்டியிருந்தது. விறகுக்கு வைத்திருந்த பருத்திமார்க் குவியலைப் பார்த்து விசையைத் தட்டினேன். ரப்பர் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் துப்பாக்கி மூக்கைத் தூக்குமாம், தூக்கியது. ஈட்டி குவியலைத் தாண்டிப் போய் பக்கத்து வீட்டு வெயிலுகந்தம்மாளின் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் இறங்கியது. கண்மாய் வெடித்துக் கிடக்கிற ஊரில் மிச்சமிருந்த நீர்நிலையையும் குத்திவிட்டேன். என் ஆடுகள் ஓடிப்போய் வரிசையில் நின்று குடித்தன.

அந்த அம்மாள் வந்து பார்த்து, "ஏ அண்ணாச்சி, என்ன மீனு மாட்டுச்சு? கொழம்புக்குக் காணுமா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. "சீனி வாரானோ, எல்லாம் தயார் பண்ணுதீய?" என்று அடுத்ததாகக் கேட்டாள். "இல்ல தாயி, துப்பாக்கி மட்டும் போகுது" என்றேன். அவள் கிழிசல் துணியை எடுத்து ஓட்டையை அடைத்துவிட்டு, ஈட்டியைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகையால் மைத்துனரே, துறைமுகப் பக்கம் படகுச் சாமான் கடைகளில் நீங்கள்தான் பார்க்க வேண்டும். டியூப் வார் வேண்டாம். குழாய் மாதிரி, நடுவில் சின்னத் துவாரமும் கெட்டிச் சுவருமாக இருக்க வேண்டும். கனம் பதினாறு மில்லிமீட்டர் என்று சீனி சொன்னான். பழைய துண்டு ஒன்றை இத்தோடு வைத்திருக்கிறேன். அதை மாதிரியாகக் கொள்ள வேண்டாம், எண்ணெய் குடித்து இருபதுக்கு ஊதியிருக்கிறது. நான் சொல்வது நிஜம் என்பதற்காக மட்டும். எத்தனை தூரம் இழுத்தாலும், விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பி வருவதுதான் நல்ல ரப்பராம். சீனி போனில் விளக்கமாகச் சொன்னான். நானும் சரிப்பா, சரிப்பா என்று கேட்டுக்கொண்டேன்.

கோவில்பட்டி பூவனநாத சுவாமியும் செண்பகவல்லி அம்மனும் உங்கள் வீட்டில் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அத்தான்
பூவனநாதன்

பின்குறிப்பு: ரப்பர் வாங்க வேண்டாம். கவரை ஒட்டுமுன் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிப் பார்த்தேன். சட்டை, பெட்டி, செருப்பு என்று மற்றதெல்லாம் சீனி ஏற்கெனவே பார்சலில் கேட்டு வாங்கிக்கொண்டான். இதுவும் போய்விட்டால், அவனுடையது என்று இந்த வீட்டில் நான் மட்டும்தான் பாக்கி. எனக்காக வருவானா என்று சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவன் கேட்டால், அந்த அளவு கிடைக்கவில்லை, ஆளே நேரில் வந்து இழுத்துப் பார்த்து எடுத்தால்தான் சரிப்படும் என்று சொல்லிவிடுங்கள். மாமன் சொன்னால் நம்புவான். நான் சொன்னால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவான்.