கார் வைத்திருந்த ரயில் பக்தர்

மலாயாவில், நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ரயிலை விரும்பியவர்கள் பலர் உண்டு. ரயிலுக்கே வாழ்க்கைப்பட்டவர் எங்கள் டிரஸ்ஸர் ஒருவர்தான். ரயிலை ஓட்டுகிறவருக்குக்கூட அதன்மேல் அவ்வளவு பக்தி இருந்திருக்காது. அவர் சம்பளத்துக்காக ஏறினார், நம்மவர் மனமுவந்து ஏறினார்.

டிரஸ்ஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். காய்ச்சலோ கால்வீக்கமோ, எது என்றாலும் ஊசியைத்தான் முதலில் எடுப்பார். அவர் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் அப்போது சின்னக் கிராணி, அதாவது பெரிய கிராணியிடம் திட்டு வாங்குவதற்கென்றே நியமிக்கப்பட்ட குமாஸ்தா. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து அரசாங்கத்தோடு சண்டையிட்ட அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கி, ரோட்டில் துப்பாக்கி, ஆறு மணிக்கு ஊரடங்கு.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் பக்கம் புதிதாக ஒரு பயணிகள் ரயிலை விட்டார்கள். இரண்டே பெட்டி. முன்னால் டிராலியில் ஆட்கள் போய், தண்டவாளம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் அது நகரும். சிரம்பானுக்கு அரை மணிப் பயணம் என்று ஸ்டேஷனில் எழுதிப் போட்டிருந்தார்கள். எழுதியவர் அதில் ஏறியதில்லை என்பது நிச்சயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தோட்டத்துக் கிராணிமார் கூட்டத்திலேயே கார் வைத்திருந்தவர் டிரஸ்ஸர் மட்டும்தான். சீமைக்குத் திரும்பிய சின்னத் துரையிடம் வாங்கிய கறுப்புக் கார். ஞாயிறுதோறும் அதைக் குளிப்பாட்டுவார், எஞ்சினைச் சற்று நேரம் உறும விடுவார், பானெட்டைத் தட்டிக்கொடுப்பார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடப்பார். மற்ற நாட்களில் பின்சீட்டில் கோழிகள் அடைகாத்தன.

"கார்லயே போயிடலாமே டிரஸ்ஸர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கார்லயா? ரோட்டுல எத்தன தடுப்பு இருக்கு தெரியுமா தம்பி? எறங்கு, ஐ.சி. அடையாளக் கார்டக் காட்டு, பானெட்டத் தொற... ரயில்னா ஏறுனமா, ஒக்காந்தமா, எறங்குனமா, அவ்ளோதான் லா."

"எறங்கறதுக்குள்ள பொழுதே போயிடுதே!"

"போகட்டுமே. ஒரே டிக்கெட்டுக்கு எவ்ளோ நேரம் ஒக்கார விடுறான் பாரு. டாக்சிக்காரன் விடுவானா?"



இப்படியே சிரித்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எனக்குச் சிரம்பானை ஒட்டிய தெமியாங்கில் பெண் அமைந்தது. கோயிலில் ஒருமுறை பார்த்தவள்தான். அதன் பிறகு ஆபீஸ் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், நான் ஆள் பெயர்களை மாற்றி எழுத ஆரம்பித்திருந்தேன். என் அப்பா அம்மா இந்தியாவில் இருந்ததால், டிரஸ்ஸரும் அவர் மனைவியும்தான் பெரியவர்களாக நின்று தாம்பூலம் மாற்ற வேண்டும். பெண்ணின் அப்பா அரசாங்க ஆபீஸ் கிராணி, கடிகாரத்துக்கே நேரம் சொல்லக்கூடியவர். பகல் பன்னிரண்டுக்குள் நல்ல நேரம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதே பெண்ணைக் கேட்டு கோலப்பிலாவில் ஒரு வாத்தியாரும் காத்திருந்தார்.

காரில்தான் போகப்போகிறோம் என்று நம்பினேன். டிரஸ்ஸர் மூன்று ரயில் டிக்கெட்டோடு வந்து நின்றார்.

டிரஸ்ஸரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா முறைப்படி ஏழு தட்டு அடுக்கியிருந்தார். தோட்டத்தை விட்டு ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது, காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்பது சட்டம். அக்காவுக்கும் சட்டம் தெரியும். ஆனால் சீர்த்தட்டை யாராவது சாப்பாடு என்று சொல்வார்களா? கேட்டில் நின்ற போலீஸ்காரர் சொன்னார். அரிசி, சர்க்கரை, கற்கண்டு மூன்றும் போயின.

"வெறுந்தட்டோட போகக் கூடாதுங்க," என்று அக்கா கண் கலங்கினார்.

டிரஸ்ஸர் தன் மருந்துப் பையைத் திறந்தார். அரிசித் தட்டில் பஞ்சு, கற்கண்டுத் தட்டில் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை, சர்க்கரைத் தட்டில் வயிற்றுப் பூச்சி மருந்துத் தூள். பார்வைக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தன.

ரயில் கிளம்பி, நாலு மைல் போய், ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. ஜன்னல்களை மூடச் சொன்னார்கள். வெந்துகொண்டிருந்தோம். "பாத்தியா, ஆடாம அசையாம எவ்ளோ சொகமா இருக்கு," என்றார் டிரஸ்ஸர். நாங்கள் தெமியாங் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று.

பெண்ணின் அப்பா முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார்.

"இது என்னாங்க?"

"பூச்சி மருந்துங்க. வீட்டுல இருந்தா நல்லது."

"அடுத்த ஞாயித்துக்கெழம, பன்னெண்டுக்குள்ள. இல்லன்னா கோலப்பிலாவுக்குச் சொல்லி அனுப்பிடுவேன்," என்று அவர் எழுந்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க டாக்சி தேடி அலைந்தேன். எங்கள் ரோடு என்றாலே டாக்சிக்காரர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. அந்த ரோட்டின் ஒரு வளைவில்தான் முந்தின மாதம் லாரியைச் சுட்டிருந்தார்கள். வேறு வழியின்றி ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஸ்டேஷன், மறுபடியும் தட்டுகள்.

"இன்னிக்கு வண்டி இல்ல. ராத்திரி தண்டவாளத்தக் கழட்டிப் போட்டுட்டானுங்க," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

நான் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன்.

டிரஸ்ஸர் என்னைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

"கோழியெல்லாம் எறக்கு," என்றார் அக்காவிடம்.

கார் கிளம்பியது. தோட்டத்து எல்லை தாண்டுமுன் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எஞ்சின் அலறுகிறது, கார் நடக்கிறது. ஒரு சைக்கிள்காரர் மணியடித்து எங்களைத் தாண்டிப் போனார்.

"கியர் மாத்தலையா டிரஸ்ஸர்?"

"எதுக்கு? ஓடுதில்ல?"

"ஒங்களுக்கு... ஓட்டத் தெரியும்தானே?"

"சின்னத் தொர போறப்ப கெளப்பக் கத்துக் குடுத்தாரு. மிச்சத்தச் சொல்றதுக்குள்ள கப்பல் வந்திடுச்சு. பேசாத தம்பி, ரோட்டப் பாக்கணும்."

ரயில் பக்தியின் ரகசியம் எனக்கு அங்கேதான் விளங்கியது. பின்சீட்டில் அக்கா, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட ஆரம்பித்தார். லாரியைச் சுட்ட வளைவிலும் அதே ஆமை வேகம்தான். சுட நினைப்பவனுக்கு அதைவிட வசதி செய்து கொடுக்க முடியாது. இந்த வேகத்தில் வருகிறவர்களைச் சுடக் காட்டிலிருந்தவர்களுக்கே மனம் வரவில்லை போலும்.

தடுப்பில் எஞ்சின் தானாகவே அணைந்து கார் நின்றது. ஒரு மலாய்ப் போலீஸ்காரர் கை நீட்டி லைசென்ஸ் கேட்டார். டிரஸ்ஸர் கண்ணாடியைக் கழற்றி அவரை உற்றுப் பார்த்தார். போன மாசம் காய்ச்சலுக்கு இவர் ஊசி போட்ட இடம் இன்னும் வலித்ததோ என்னவோ, போலீஸ்காரர் பின்புறத்தைத் தடவிக்கொண்டே கட்டையைத் தூக்கிவிட்டார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். தெமியாங் வீட்டு வாழை மரத்தில் முட்டி கார் நின்றது. நிறுத்தவும் சின்னத் துரை சொல்லித்தரவில்லை. பெண்ணின் அப்பா வெளியே ஓடி வந்து, காரைப் பார்த்து, முதல் முறையாகச் சிரித்தார்.

"கார்லயா வந்தீங்க! வாங்க, வாங்க, நேரம் இருக்கு!"

அக்கா தட்டுகளோடு உள்ளே போனார். டிரஸ்ஸர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. சட்டை முழுக்க நனைந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"கை வர மாட்டேங்குது தம்பி," என்றார் மெதுவாக. "நீ உள்ள போ. நேரம் ஆச்சு."

நான் போகவில்லை. அந்த மனிதர் எனக்காக எவ்வளவு பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன், ஐஸ்போல இருந்தன. அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். என் மனைவியின் கையை நான் பிடித்தது அதற்குப் பிறகுதான்.