விராலுக்காக ஒரு ஜெபம்

விருந்தாளி விடிகாலை நடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவருடைய தூண்டில் முள்ளின் நுனியை அம்மிக்கல்லில் தேய்த்து மழுக்கிக்கொண்டிருந்தார் அசரியா. கார்வேட்டிநகரத்து ஏரிக்கரை மிஷன் பங்களாவுக்குச் சமையல்காரர், காவல்காரர் எல்லாம் அவர்தான். உபதேசியார் மகனான தான் செய்கிற வேலை இல்லை இது என்று அவருக்கும் தெரியும்.

தப்பு விருந்தாளி மேல்தான். ரிட்டையரான வாத்தியார் நேசகுமார் அரக்கோணத்திலிருந்து வந்து இறங்கியதுமே, "ஒரே ஒரு விரால் புடிச்சுட்டாப் போதும் அசரியா, அன்னைக்கே கிளம்பிடுவேன்" என்று சொல்லிவிட்டார். துரைமாருக்கு மோட்டார் வந்ததிலிருந்து அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள், பங்களாவில் யாரும் தங்குவதில்லை. அசரியாவின் பெண்சாதி இறந்து ஆறு வருஷம். உட்கார்ந்து பேச அசரியாவுக்கு ஏழு மாதம் கழித்துக் கிடைத்த மனுஷர் இவர். அவரை ஒரு மீனிடம் பறிகொடுக்க முடியுமா?

முள் மழுங்கியதில் வேறு வம்பு வந்தது. மூன்று நாள் ஒன்றும் சிக்கவில்லை. மீனும் கிடைக்காமல் உனக்குப் பாரமாக இருக்கிறேனே என்று வாத்தியார் இழுத்தார். அசரியா பதறிப்போய், அன்று சாயங்காலம் புதருக்குப் பின்னால் பதுங்கி, தண்ணீரில் கூழாங்கல் எறிந்தார். பெரிய மீன் துள்ளுகிறது என்று வாத்தியார் குஷியாகி, அது சிக்குகிற வரைக்கும் தினமும் மீன்குழம்பு வைக்கச் சொன்னார். அதற்காக வலைக்காரன் துலுக்காணத்திடம் தினமும் அரிசி கொடுத்து அசரியா விரால் வாங்க வேண்டியதாயிற்று.

அதைவிடத் தொல்லை சாப்பாட்டு ஜெபம். குழம்பு ஆறிக்கொண்டிருக்க, வாத்தியார் கண்ணை மூடி, "நாளைக்காவது ஒரு விரால் தாரும் ஆண்டவரே" என்பார். அசரியா ஆமென் சொல்லியாக வேண்டும். இருமிச் சமாளித்தார். இருமலுக்கென்று வாத்தியார் காய்ச்சிக் கொடுத்த மிளகுக் கஷாயத்தையும் முகம் சுளிக்காமல் குடித்தார். சாப்பிட்ட பிறகு இருவரும் காலமான தங்கள் பெண்சாதிகளைப் பற்றி, எந்தக் குழம்புக்கு யார் எவ்வளவு புளி போடுவாள் என்றெல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பத்தாம் நாள் ஜெபத்தில் வாத்தியார் விராலைக் கேட்கவில்லை. "நான் பண்ற பாவத்தை மன்னியும் ஆண்டவரே" என்றார்.

தன் பாவத்தால்தான் மீன் வரவில்லை என்று மனுஷர் நொந்துபோகிறாரே என்று அசரியா தட்டைத் தள்ளிவைத்தார். உயிருள்ள விரால் ஒன்றை வாங்கி அவர் தூண்டிலில் மாட்டிவிடலாம், அவர் சந்தோஷமாக ஊர் போய்ச் சேரட்டும் என்று முடிவு செய்தார். இனி மறுபடியும் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே இரண்டு தட்டுகளையும் கழுவினார்.

மறுநாள் வாத்தியார் நடைக்குப் போனதும், துலுக்காணத்தின் குடிசைக்கு ஓடி, உயிரோடு ஒரு விரால் வேண்டும் என்றார்.

"கொஞ்சம் குந்துண்ணா. மீன் இன்னும் வரல."

"யாரு கொண்டாரணும்?"

"உன் வாத்தியாருதான். தெனம் இந்நேரத்துக்கு என் தூண்டில வாங்கிக்கினு போய் ரெண்டு வெரால் புடிச்சாந்து குடுத்துடறாரு" என்றான் துலுக்காணம். "உங்கிட்ட மட்டும் சொல்லிடாதேன்னாரு. தெரிஞ்சா நீ ஊருக்கு அனுப்பிடுவியாம்."