'வேண்டுமானால்' வீரர்

மனிதர்களில் அடி கொடுப்பவர்கள் உண்டு, அடி வாங்குபவர்கள் உண்டு. மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு: அடி வரும்போது புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள். இந்த மூன்றாம் ரகத்தைப் பார்க்க ஆசை என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் தையல்காரர் வீட்டு மாடிக்கு வாருங்கள்.

அங்கே நாங்கள் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷத்தைக் கற்பனை செய்துகொண்டு, பகடை உருட்டி அரக்கர்களோடு சண்டை போடுவோம். கதையை நடத்துவது தையல்காரர். அரக்கர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. நான் வில்லுக்காரன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி வைத்தியச்சி. கடைக்காரர்தான் நம் ஆள். வேஷத்தை எழுதி வைத்த தாளில் அவர் ஆறரை அடி மாவீரர், கழுத்து முதல் கால்வரை இரும்புக் கவசம், நாற்பது உயிர்ப்புள்ளி; அடி விழ விழ அது குறையும், தீர்ந்தால் ஆள் காலி. இரண்டு வருடமாக அவர் மேல் ஒரு கீறல் விழவில்லை. அவர் வாளும் யார் மேலும் விழவில்லை. எப்படி என்கிறீர்களா?

விதிப்புத்தகத்தின் கடைசியில் 'வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு தலைப்பு. அதன்கீழ் ஒரு விதி: அடி வரும்போது அடுத்து நீங்கள் அடிக்க வேண்டிய முறையை விட்டுக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம்; பின்னால் யாராவது நின்றால் அடி அவருக்கு. விளையாடுகிற எல்லோருக்கும் வேண்டுமானால் என்றுதான் எழுதியவர் நினைத்திருப்பார். நம் ஆள் அதை 'எனக்கு வேண்டுமானால்' என்று படித்துவிட்டார். அந்தப் பக்கத்தில் கண்ணாடி துடைக்கும் துணியை அடையாளமாகச் செருகி வைத்திருக்கிறார். நாய் குரைத்தால் விலகுவார், கூரை ஒழுகினால் விலகுவார், ஒருமுறை இளவரசி மாலை போட வந்தபோதும் விலகினார். பழக்கதோஷம்.

போன ஞாயிறு, குகைக்குள் அரக்கன் அவரைப் பார்த்து உலக்கையை ஓங்கினான். மாவீரரிடம் நாற்பது புள்ளியும் முழுசாக இருந்தது. பின்னால் வைத்தியச்சி, தன் புள்ளியிலிருந்தே எனக்கு மருந்து போட்டுப் போட்டு அவளுக்கு மிச்சம் மூன்றே புள்ளி. கடைக்காரர் மனைவி இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆள் அவள். தாளின் மூலையில் முகம்கூட வரைந்து வைத்திருந்தார். மாவீரர் சும்மா நின்று வாங்கிக்கொண்டால் போதும்.

"விலகிக்கிறேன்" என்றார்.

"உங்க பின்னாடி நான்தாங்க நிக்கிறேன்" என்றார் மனைவி.

"தெரியுதும்மா. விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

தையல்காரர் பகடையை உருட்டினார். வைத்தியச்சி செத்தாள். காகித ஆள்தான். அந்த அம்மாள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

அரக்கன் மறுபடி ஓங்கினான். நம் ஆள் மறுபடி விலகினார். பின்னால் யாரும் இல்லாததால் அடி காற்றோடு போனது.

"பார்த்தீங்களா, யாருக்கும் ஒண்ணும் ஆகலை" என்றார்.

நீங்கள் இந்த ரகமில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். பகடையைத் தொட்டதில்லை, இப்படியொரு புத்தகம் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும். சரி, அன்றைக்கு ஆபீசில் மேலதிகாரி குரலை உயர்த்தியபோது லேசாக ஓரமாய் நகர்ந்தீர்களே, உங்கள் பின்னால் நின்றது யார்?