என் கட்டைவிரலும் ஆர்தர் மாமாவின் பட்டியலும்

ஜார்ஜ் டவுன்,
ஞாயிறு மாலை.

பெருமதிப்புக்குரிய ஆர்தர் மாமா அவர்களுக்கு,

தங்கை மகள் ரீத்தா வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கருணையால் பாகான் டாலாமில் நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள்தான் என்று தெரிவிக்கவே இந்தக் கடிதம். பேனா பிடிக்க முடியாததால் நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் நாதன் எழுதுகிறார். அதற்குள் "மெல்ல லா ரீத்தா, பெரியவரு" என்கிறார். அதையும் சேர்த்தே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் பேத்தியின் ஞானஸ்நானம் என்று இன்று காலை கடல் தாண்டி உங்கள் கோயிலுக்கு வந்தேன். பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் நீங்கள் கை நீட்டினீர்கள், நான் கைகூப்பினேன். பிறகு குழந்தையை என்னிடம் நீட்டினீர்கள், நான் வாங்கவில்லை. உடனே வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி, "டாக்டராயிட்டா மாமாவுக்குக் கைகூட குடுக்க மாட்டாங்களோ?" என்றீர்கள். கை வலிக்கிறது என்றேன். "என்னம்மா வலி? ஒரு டியூப்ப உள்ள விட்டுட்டு டிவி பாக்குற வேலைதானே?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அத்தைகூடச் சிரித்தார்.

மாமா, குடலுக்குள் விடும் குழாயின் கேமரா பார்ப்பதைக் காட்டும் அந்த டிவியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். அது எங்கள் துறைத் தலைவர் மோகனராஜ் நிற்கும் உயரத்துக்குச் சுவரில் அடித்து வைத்தது. அவர் ஆறடி இரண்டு அங்குலம். நான் நாலடி பதினொன்று. கட்டிலை இறக்கும் மிதி போன வருஷமே கெட்டுப்போய்விட்டது, எழுதிக் கொடுத்த மனு எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது. ஆகவே நான் ஒரு முக்காலியில் ஏறி, தலையை அண்ணாந்து, இடது கையில் குழாயின் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து, அதே கைக் கட்டைவிரலால் நுனியை வளைக்கும் இரண்டு சக்கரங்களைத் திருப்பிக்கொண்டே, வலது கையால் குழாயைத் தள்ளி, முறுக்கி, இழுத்து, மறுபடி முறுக்க வேண்டும், ஏனென்றால் மனிதக் குடல் பினாங்குப் பாலம் மாதிரி நேராகப் போவதில்லை. அந்தச் சக்கரங்களைச் செய்தவர் என் கை அளவைப் பார்த்ததே இல்லை. ஒரு நாளைக்குப் பதினான்கு பேர். பதினொரு வருஷமாக. இப்போது இரண்டு கைக் கட்டைவிரலிலும் வலி. போன மாதம் தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்க வராமல் ஒரு நோயாளியிடமே நீட்டினேன். அந்த மனிதர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லால் திறந்து கொடுத்தார்.

அந்தப் பதினான்கில் நாலு பேர் உங்கள் ஆட்கள். பூசை முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் நின்று, "நம்ம புள்ள இருக்கும்போது வேற டாக்டர்கிட்ட எதுக்குக் காட்டணும்?" என்று பெயர் எழுதுகிறீர்கள். எல்லோரும் சொந்தக்காரர்களாம். உங்கள் காரைக் கழுவும் அய்யாக்கண்ணுவின் மச்சானும் சொந்தமாம்! மயக்க ஊசி பாதி ஏறியதும், "மேடம், ஆர்தர் அண்ணேதான் சொந்தம்னு சொல்லச் சொன்னாரு" என்று அவரே உளறிவிட்டார்.

நீங்கள் பிறைத் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் ஃபேக்டரி சூப்பர்வைசர். உங்கள் லைனில் வேலை செய்த பெண்களுக்குத் தோள் வலி என்று மேலதிகாரியிடம் சண்டை போட்டு உயரம் மாற்றும் நாற்காலி வாங்கிக் கொடுத்தவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றியவர். அந்தப் பெண்களுக்கு வந்தால் வலி, தங்கை மகளுக்கு வந்தால் பெருமையா?

போன புதன்கிழமை கை சிகிச்சை நிபுணரிடம் போனேன். மூன்று மாதம் குழாயைத் தொடாதே, தொட்டால் அறுவை சிகிச்சைதான், அதற்குப் பிறகும் பழைய கை வரும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். எனக்கு நாற்பத்து நாலு வயது. எனக்கு வேறு வேலை தெரியாது மாமா. கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். நாதனுக்கே இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

ஆகவே நாளையிலிருந்து மூன்று மாதத்துக்கு எவருக்கும் செய்யமாட்டேன். ஆயரே வந்தாலும் மோகனராஜிடம்தான் அனுப்புவேன். ஊரையே அனுப்பும் நீங்கள் ஒரு தடவையாவது வந்து படுத்தீர்களா? அம்மா குடல் புற்றுநோயில் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவருடைய அண்ணன் நீங்கள். ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுகிறேன், "எனக்கு ஒண்ணுமில்ல லா" என்கிறீர்கள். இனிமேல் கூப்பிடவும் மாட்டேன்.

அத்தைக்கும் குழந்தையின் அம்மா கிறிஸ்டலுக்கும் என் அன்பு, குழந்தைக்கு முத்தம். மாதா உங்களை எந்தக் குறையுமின்றிக் காக்கட்டும். அந்த நோட்டுப் புத்தகத்தை மட்டும் காக்க வேண்டாம்.

கோபம் குறையாத,
ரீத்தா

பி.கு.: இதை நானே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உறையை ஒட்டும் நேரத்தில் மருத்துவமனையிலிருந்து தாதி சந்திரிகா அழைத்தாள். மத்தியானம் நீங்கள் அவளுக்குப் போன் செய்து, "மிஸ்ஸி, அப்துல் ரஹீம்னு ஒரு கூட்டாளி, ரெண்டு மாசமா ரத்தம் போகுது, வெளிய சொல்ல வெக்கப்படுறாரு, ரீத்தாகிட்ட ஒரு இடம் போட முடியுமா?" என்றீர்களாம். அவள் அடையாள அட்டை ஐ.சி. நம்பர் கேட்டதும் கூட்டாளியின் நம்பரைக் கடகடவென்று ஒப்பித்தீர்களாம். கணினியில் போட்டால் உங்கள் பெயர் வருகிறது, மாமா. மோகனராஜிடம் அனுப்பு என்கிறார் நாதன். அனுப்பினால் நீங்கள் ஃபெரி வரைக்கும் வந்து திரும்பிவிடுவீர்கள், எனக்குத் தெரியும். வியாழன் காலை ஏழரைக்கு வாருங்கள், நானே செய்கிறேன். வெட்கமாக இருந்தால் அப்துல் ரஹீமாகவே வாருங்கள். வந்தால் போதும்.