மெலிந்த லேப்டாப்பும் வெள்ள வரைபடமும்

ஒரு காட்டில் முள்ளம்பன்றி ஒன்று லேப்டாப் வாங்கியது. அந்த முள்ளம்பன்றி நான்தான். ஆகவே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று தடித்தது, அதன் பிராசசர் நாற்பத்தைந்து வாட் மின்சாரம் தின்னும், விசிறி இரையும். மற்றது இலை போல மெலிந்தது. பத்து வாட் போதும், விசிறியே கிடையாது, சார்ஜ் பகல் முழுக்க நிற்கும். நான் மெலிந்ததை எடுத்தேன். உடம்பெல்லாம் முள்ளாக இருப்பவனுக்கு, கையில் இருப்பதாவது வழவழப்பாக இருக்கட்டுமே என்ற ஆசைதான்.

தடித்ததைக் காட்டுப்பன்றி வேலம்மா அக்கா வாங்கினார். இருவருக்கும் வெள்ளத் தடுப்பு அலுவலகத்தில் வேலை; லேப்டாப்புக்குக் காசும் அலுவலகமே கொடுத்தது. அக்காவின் லேப்டாப் இரையும்போதெல்லாம், "மாவு அரைச்சாச்சா அக்கா?" என்பேன். அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

ஐப்பசியில் ஓடை பொங்கியது. எந்தெந்த வளைக்குள் தண்ணீர் புகும் என்று உடனே வரைபடம் போட வேண்டும். இருவரும் ஒரே கணக்கை ஓட்டினோம். ஐந்து நிமிடம் என்னுடையதும் ஈடுகொடுத்து ஓடியது. பிறகு சூடேறி, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. திரையில் 'மீதம் ஆறு மணி நேரம்' என்று வந்தது. தேக்கிலையால் விசிறினேன். ஐந்தே முக்கால் ஆனது.

அக்காவுடையது நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மரம் விழுந்து கரண்ட் போனது.

"என்னதுல சார்ஜ் நிக்காது தம்பி. வரைபடத்தை உன்னதுல ஏத்திக்கிட்டு ஓடு" என்று பென் டிரைவை நீட்டினார் அக்கா.

படம் காட்டுவது என்றால் என் லேப்டாப் புலி. மழையில் வளை வளையாகப் போய்க் காட்டினேன். முயல்களும் கீரிகளும் குட்டிகளோடு மேட்டுக்கு ஏறின. நடக்க முடியாதவர்களை அக்கா முதுகில் சுமந்து வந்தார். ஓர் உயிரும் போகவில்லை.

மறுநாள் பாராட்டு விழா. அலுவலகத் தலைவர் கரடி, "இத்தனை மெலிந்த மெஷினில் எத்தனை பெரிய கணக்கு" என்று வியந்தார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது. முள்ளில் சிக்கிக் கழற்ற வரவில்லை. சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முன்வரிசையில் அக்கா கைதட்டிக்கொண்டிருந்தார். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

தடித்த லேப்டாப்பைத் திரும்ப ஒப்படைத்து, அலுவலகம் முழுக்க மெலிந்தது வாங்க வேண்டும் என்று அன்றே உத்தரவு வந்தது.

"அடுத்த வெள்ளத்துக்குக் கணக்கை எதுல போடுறது தம்பி?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

அதை ஆராயக் குழு அமைத்திருக்கிறார்கள். தலைவர் நான்தான்.

நீதி: மெலிந்த லேப்டாப் வாங்குவோர், பக்கத்து மேசையில் தடித்த லேப்டாப்போடு ஒரு நல்லவர் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும்.