நான் சொன்னதாகச் சொல்லப்பட்ட ‘சரி’

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் ஜாஸ்தி. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினால் காலாவதித் தேதியைப் பார்ப்பேன். பார்த்த பிறகு, அந்தத் தேதியை அச்சடித்தவன் மீது சந்தேகம் வரும். இப்படிப்பட்டவனுக்குத் தலையில் அடிபட்டு அரைநாள் மறந்துபோனால் என்ன ஆகும்? கல்யாணம் ஆகும்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் விலங்கியல் வாத்தியார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகலாம் என்றார்கள். பெயர் ரோஸ்லின். மலையிலேயே நர்ஸ் வேலை. அப்பா வனக் காவலர். வீட்டார் வேனில் ஏறினார்கள். மலை வளைவுகளில் வேனில் போனால் எனக்கு வாந்தி வரும். (வெள்ளைச் சட்டையில் அதோடு போய் இறங்கினால் எந்தப் பெண் சம்மதிப்பாள்?) அதனால் அக்கா வீட்டுக்காரர் சேவியர் மாமாவின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

கச்சிராயபாளையத்தில் நின்று டீ குடித்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகத்தில் இருப்பது ஆஸ்பத்திரிக் கட்டில். நடுவில் மலை ஏறி, பெண் பார்த்து, கேசரி தின்று, இறங்கும்போது ஒரு வளைவில் சறுக்கி விழுந்திருக்கிறேன். ஒன்றுகூட மனசில் இல்லை.

கண்ணைத் திறந்ததும் அம்மா சொன்னார்: “பொண்ணு வூட்டுக்கு சொல்லி அனுப்பிட்டோம்டா. நீதான் சரின்னு சொல்லிட்டியே.”

“நான் எப்ப சொன்னேன்?”

“பாரு, அதகூட மறந்துட்டான்,” என்று அக்காவிடம் திரும்பிக்கொண்டார்.

மறந்தது ஏன் என்பது எனக்குப் புரிந்தது. ஒன்றைப் பார்த்த உடனே அது மூளையில் நிலையாகத் தங்கிவிடுவதில்லை. நாள்பட நிற்க வேண்டுமானால் மூளைச் செல்லுக்குள் சில மரபணுக்கள் விழித்துக்கொள்ள வேண்டும். அவற்றின் உத்தரவுப்படி புதுப் புரதங்கள் உருவாகி, செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான இணைப்பைப் பலப்படுத்த வேண்டும். இதற்கு மணிக்கணக்காகும். வேலை முடிவதற்குள் தலையில் பலமாக அடி விழுந்தால், ஈரச் சிமெண்டில் மாடு நடந்த கதைதான்.

ஆனால் டாக்டர் இதை என் வீட்டார் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்: விழுவதற்கு முன் நடந்தது திரும்ப வராமலே போகலாம் என்று. கல்யாணப் பேச்சு எடுத்தாலே நழுவுகிற ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல சேதி உண்டா?

விசாரணையை ஆரம்பித்தேன். நான் தலையாட்டினேன் என்றார் அம்மா. வாய் திறந்து சொன்னேன் என்றாள் அக்கா. தன் காதோடு சொன்னேன் என்றார் மாமா. மறுநாள் மறுபடி கேட்டேன். மூன்று பேரும் ஒரே வார்த்தை: “வாயத் தொறந்து சரின்னு சொன்ன.” மூன்று விதமாகச் சொன்னபோது சந்தேகம் வந்தது. ஒரே மாதிரி சொன்னதும் அது உறுதியானது. ரோஸ்லினிடமே கேட்டிருக்கலாம். ஆனால் அவளும் கூட்டுக் களவாணியாக இருந்தால்?

நான் கட்டோடு படுத்திருந்த நேரத்தில் பங்குக் கோயிலில் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஃபாதர் கல்யாண ஓலை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது இருப்பதாகத் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று முடித்தார். தெரிவிப்பவர்கள் பூசை முடிந்து தனியாகப் போய்ச் சொல்வதுதான் வழக்கம். நான் அங்கேயே எழுந்தேன்.

“தடை இருக்குதுங்க ஃபாதர்.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “யாருப்பா நீ?”

“மாப்பிள்ளைங்க.”

பெண் வீட்டாரும் அன்று மண்டபம் பார்க்க வந்து, அதே கோயிலில் பின்வரிசையில் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

பூசை முடிந்ததும் இரண்டு குடும்பத்தையும் ஃபாதர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே நான், வகுப்பு நடத்துகிற தோரணையில், மூளைச் செல்லில் ஆரம்பித்து மரபணு வரை விளக்கினேன். ரோஸ்லினின் அப்பா கவனமாகக் கேட்டார்.

“மரபணுன்னா பரம்பரைதானேங்க? அப்ப இது வம்சத்துல வர்ற கோளாறுங்களா?”

“எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லீங்க,” என்று அம்மா பாய்ந்தார்.

“பரம்பரை கோளாறு இல்லீங்க,” என்றேன். “எல்லாருக்கும் இருக்கறதுதான். ஞாபகம் உண்டாவறப்ப செல மரபணு ஆன் ஆவும், அப்புறம் ஆஃப் ஆவும். எனக்கு அந்த வேலை முடியறதுக்குள்ள அடிபட்டுடுச்சு.”

“கொழந்தைங்களுக்கு வருமா?”

“அது வராதுங்க...”

சேவியர் மாமா உதவிக்கு வந்தார். “இவங்கப்பா குடைய எங்க வச்சோம்னு தேடிகினே இருப்பாருங்க. மத்தபடி வேற ஒண்ணும் இல்லீங்க.”

ரோஸ்லினின் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த ரோஸ்லின் பேசினாள். “அவரு சரின்னு சொல்லலப்பா. யோசிச்சி சொல்றேன்னுதான் சொன்னாரு. நான்தான் சரின்னு சொன்னேன். அத வச்சி இவங்க வூட்டுல எங்க ரெண்டு பேருக்கும் சேத்து முடிவு பண்ணிட்டாங்க.”

அம்மா மின்விசிறியைப் பார்த்தார். அக்கா மாமாவைப் பார்த்தாள். என் வாழ்நாளில் நிரூபணமான ஒரே சந்தேகம் அதுதான். வெற்றிப் பெருமையில் நெஞ்சை நிமிர்த்தினேன். அப்போதுதான் ரோஸ்லினின் முகம் கண்ணில் பட்டது. அத்தனை பேரிலும் எனக்கு உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் ஊர் முன்னால் தலைகுனிய வைத்திருக்கிறேன்.

“ஓலைய நிறுத்திடுங்க ஃபாதர்,” என்றாள்.

கேட்கக் கூடாத நேரத்தில் கேட்டேன். “நீங்க ஏன் சரின்னு சொன்னீங்க?”

“எல்லாரும் கேசரி தின்னுட்டு தட்ட கீழ வச்சிட்டாங்க. நீங்க மட்டும் எடுத்துகினு போயி கழுவி வச்சீங்க.”

(தட்டின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் போயிருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா? ஆனால் அப்போது அதைச் சொல்லாமல் இருக்கிற அளவுக்குப் புத்தி இருந்தது.)

“இன்னொரு வாட்டி பொண்ணு பாக்க வரட்டுங்களா?” என்றேன்.

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் என் தலைக் கட்டைப் பார்த்துவிட்டு, “இந்த வாட்டி பஸ்ல போப்பா,” என்றார்.

பஸ்ஸில் போனோம். ரோஸ்லினின் அப்பா வாசலிலேயே என்னை நிறுத்தினார். “இப்ப ஆன்ல இருக்குதுங்களா?” என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே விட்டார். நான் ‘சரி’ சொன்னபோது அக்கம்பக்கத்து வீட்டார் நான்கு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொன்னார்.

கல்யாணமாகி எங்கள் மகள் ஆறாம் வகுப்பு வந்துவிட்டாள். இன்றைக்கும் எங்கள் கோயிலில் யாருக்காவது ஓலை வாசித்து, தடை உண்டா என்று ஃபாதர் கேட்டால், சபை மொத்தமும் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்க்கும். மகள் ஒரு கையையும் ரோஸ்லின் ஒரு கையையும் பிடித்துக்கொள்வார்கள், நான் எழுந்துவிடாமல்.