ராணி கன்னத்தில் ஒரு பெயர்

"வஹீத் பாய், ராணி கன்னத்துல உங்க பேரு இருக்கு!"

கலா நிலையச் செயலாளர் ராஜநாயகம் வாத்தியார் இருட்டில் குனிந்தபடியே வந்து காதோடு சொன்னார். சொல்லவே வேண்டாம், அப்துல் வஹீதுக்கும் கண் இருந்தது. திரையில் ராணி அழுதுகொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் சிவப்பு நூலில், ஒரு சாண் அகலத்துக்கு, 'அப்துல் வஹீத்' என்று இருந்தது. ராணி முகத்தைத் திருப்பினாள். பெயர் மூக்குக்கு வந்தது. ராஜா வந்து நின்றார்; பெயர் அவர் மீசைக்குப் போயிற்று.

"கண்ணே, உன் உள்ளத்தில் இருப்பவன் யார்?" என்று கேட்டார் ராஜா.

"வஹீத் பாய்!" என்று முன் பெஞ்சு ஒரே குரலில் பதில் சொன்னது.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கலா நிலையம். வருஷா வருஷம் பனிக்காலத்தில் நாலு சனிக்கிழமை, நாலு படம். முற்றத்தின் நடுவில் திரை. இந்தப் பக்கம் ஆண்கள், திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். ஆண்கள் கண்ணில் படாத கோஷா வீட்டுப் பெண்களும் வர வேண்டும் என்று வாத்தியார் செய்த ஏற்பாடு அது. பெண்கள் பக்கம் எல்லாமே இடவலம் மாறித்தான் தெரியும். ராஜா இடது கையால் வாள் வீசினால் என்ன, எதிரி செத்தால் சரிதானே!

அந்த வருஷத்துப் புதுத்திரை, திருவல்லிக்கேணி வஹீத் தைத்தது. பதினாறுக்குப் பன்னிரண்டு அடி. யுத்தம் முடிந்தும் துணிக்குக் கண்ட்ரோல் போகவில்லை. வாத்தியார் எங்கெங்கோ மனுப் போட்டு வாங்கிய துணி. பட்டை பட்டையாக இணைத்த திரையில் ஓர் இணைப்புக்கூடக் கண்ணில் படாது. அப்பேர்ப்பட்ட கை! தைத்தவன் பெயரை ஓரத்தில் சின்னதாகப் போடுவதுதான் வழக்கம். "மூலையில போட்டா பல்லிதான் படிக்கும்" என்று வஹீத் நட்டநடுவில் போட்டுவிட்டார்.

அதற்கும் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் மாமனார், "பந்தல் துணி தைக்கிறவனுக்கா பொண்ணைக் கொடுத்தோம்" என்று சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. பன்னிரண்டு வருஷமாகியும் அந்த ஊசி உள்ளேயே இருந்தது. இப்போது மயிலாப்பூரே பார்க்கிற திரையில் தன் பெயர்! அதை மனைவி நஸ்ருன்னிசா பார்த்தே ஆக வேண்டும்.

"கடைசி சனிக்கிழமை ஜட்ஜ் ஐயா வர்றாரு. அன்னிக்கு உன்னை ஜட்கா வண்டி வச்சுக் கூட்டிக்கினு போறேன். என் பேரை நீயே படி. அதுவரைக்கும் அந்தப் பக்கம் தலைகாட்டாதே, இன்னா?" என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தார்.

"சரிங்க" என்றிருந்தாள் அவள். கடையில் காஜா எடுப்பதும் ஓரம் மடித்து அடிப்பதும் அவள் வேலை. நாள் முழுக்கத் துணியின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, நல்ல பக்கம் காட்டப்போகிறோம் என்பதில் வஹீதுக்கு அவ்வளவு பெருமை.

ஞாயிறு காலை நாஷ்டா வைத்தபடி அவள் கேட்டாள், "படம் எப்படிங்க?"

"ஊரே என் பேரைத்தான் சொல்லுது!" என்றார். பொய்யில்லையே!

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைக்குப் புறப்படும்போது சாப்பாட்டுத் தூக்கின்மேல், தையல் பிரிக்கிற சின்னக் கத்தரி இருந்தது. மறதியாக வைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தார். நல்லதாய்ப் போயிற்று, அதைக்கொண்டே நேராக மயிலாப்பூர் போய்ப் பெயரைப் பிரித்தெறிந்தார்.

நூல்தான் போனது, ஓட்டை போகவில்லை. பெரிய ஊசி போட்டுத் தைத்த கைவேலை அது. இரண்டாம் சனிக்கிழமை இளவரசன் முகமெல்லாம் கறுப்புப் புள்ளி. உற்றுப் பார்த்தால் அந்தப் புள்ளிகளும் 'அப்துல் வஹீத்' என்றே சொல்லின.

"இன்னா நைனா, இளவரசனுக்கு அம்மை போட்டுக்கீது?" என்று கத்தினான் படம் ஓட்டும் மண்ணாங்கட்டி. சனம் சிரித்த சிரிப்பில் வசனம் கேட்கவில்லை.

மறுநாள் காலை நஸ்ருன்னிசா கேட்டாள், "இந்த வாரம்?"

"கண்ணாடி மாதிரி! குத்தம் சொல்ல ஒரு பய இல்லே."

"அல்லா காப்பாத்தட்டும்" என்றாள். அப்புறம் ஒரு சட்டியை முன்னால் நகர்த்தினாள். "கஞ்சி கெட்டியாப் போச்சு. கடைக்கு வேணும்னா எடுத்துக்கினு போங்க."

வஹீதின் மூளையில் பளிச்சென்று ஒரு வழி தெரிந்தது. கஞ்சியைத் தேய்த்தால் ஓட்டை அடையும்! தேய்த்தார். அடைந்தது. அதோடு விட்டிருக்கலாம். நன்றாகக் காயட்டும் என்று தாழ்வாரத்தில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். மாடவீதி மாட்டுக்குக் கஞ்சி என்றால் உயிர். நக்கியது, ருசித்தது, நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் துணியையும் தின்றுவிட்டது.

"பாய், ஒரு முழம் துணிக்குக்கூட வழியில்லையே!" என்று வாத்தியார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கவலைப்படாதீங்க சார், நான் கீறேன்" என்று வஹீத் உள்ளே போனார். போட்டிருந்த புது வெள்ளைச் சட்டையைக் கழற்றி, முதுகை வட்டமாக வெட்டி ஒட்டுப்போட்டார். மேலே கோட்டை மாட்டிக்கொண்டார்.

மூன்றாம் சனிக்கிழமை கஞ்சி படிந்த திரைக்கு நடுவில் புதுத் துணி பளபளவென்று மின்னியது. அரண்மனைக்குள் நிலா, பாதாளச் சிறையில் நிலா, நட்டநடுப் பகலிலும் நிலா. "வஹீத் வந்துட்டாருடோய்!" என்று விசில் பறந்தது. கோட்டுக்குள் அவர் முதுகு வேர்த்து ஊற்றியது. வாத்தியார் ஏசவில்லை. "அடுத்த வாரம் ஜட்ஜ் வர்றார் பாய்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தாலே தேவலை.

ஞாயிறு காலையும் கோட்டோடேயே உட்கார்ந்திருந்தார்.

"கழட்டக் கூடாதா?"

"குளுருது."

"இந்த வாரம் படம்?"

"அமர்க்களம்!" என்று கோட்டுப் பொத்தானை இன்னும் இறுக்கிப் போட்டுக்கொண்டார்.

நஸ்ருன்னிசா எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். நாலு கெஜம் வெள்ளை லாங்கிளாத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "பெருநாளைக்கு உங்க ஜிப்பாவுக்குன்னு ரேஷன்ல சேத்து வச்சது. எடுத்துக்குங்க."

"எதுக்கு?"

"எதுக்கோ. நான் கேக்க மாட்டேன்."

வஹீத் துணியை விரித்துப் பார்த்தார். இவளிடமா மூன்று வாரமாகப் பொய் சொன்னோம்! நாலு கெஜம் என்றால் பன்னிரண்டு அடி, அளந்து வைத்தாற்போல நடுப்பட்டைக்குச் சரி. பழைய பட்டையைப் பிரித்துப் புதிதைச் சேர்த்தார். முழுத்திரையையும் ஒன்றாக வெளுத்து, நீலம் போட்டு, மாட்டுக்குக் கம்போடு காவல் இருந்தார். வெள்ளிக்கிழமை திரை நிமிர்ந்து நின்றபோது வாத்தியாரே கிட்டே போய்த் தடவித்தான் இணைப்பைக் கண்டுபிடித்தார்.

பெயரை மட்டும் போடவில்லை. ஊசியில் சிவப்பு நூலைக் கோத்தார், பிறகு உருவிவிட்டார்.

கடைசி சனிக்கிழமை சொன்னபடி ஜட்கா வந்தது. புர்கா போட்ட நஸ்ருன்னிசாவைப் பெண்கள் வாசலில் இறக்கிவிட்டு வஹீத் முன்பக்கம் போனார். படம் ஓடியது. கன்னத்தில் எழுத்தில்லை, அம்மையில்லை, நிலாவில்லை. முடிந்ததும் ஜட்ஜ் மேடையேறி, "துணி என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. யார் தைத்தது?" என்று கேட்டார்.

"நம்ம அப்துல் வஹீத் பாய்!" என்று வாத்தியார் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார். ரோஜா மாலை விழுந்தது. மூன்று வாரம் கேலி செய்த முன் பெஞ்சு எழுந்து நின்று கைதட்டியது. மண்ணாங்கட்டி மெஷினை விட்டுவிட்டு ஓடிவந்து, "கெலிச்சிட்ட நைனா!" என்று கட்டிக்கொண்டான். வஹீதுக்குத் தலை கால் புரியவில்லை. மாமனார் இருந்து பார்க்கவில்லையே என்றிருந்தது.

பெண்கள் வாசலை நோக்கி நடக்கும்போதுதான் நெஞ்சில் முள் தைத்தது. அவளை அழைத்துவந்ததே பெயரைப் படிக்கத்தான். பெயர் எங்கே?

வாசலில் கையில் அரிக்கேன் விளக்கோடு வாத்தியாரின் மனைவி அல்போன்சா நின்றிருந்தார். பெண்கள் பக்கத்துக்கு அவர்தான் பொறுப்பு. பக்கத்தில் நஸ்ருன்னிசா. வஹீத் மாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நஸ்ரு, நான் சொன்னதெல்லாம் பொய். பேரு படத்துக்கு நடுவுல வந்து மானம் போச்சு. பிரிச்சேன், ஓட்டையாச்சு. அடைச்சேன், மாடு தின்னுடுச்சு. நீ குடுத்த துணியாலதான் இன்னிக்குத் தலை நிமிந்தேன். ஆனா என் பேரை உனக்குக் காட்ட முடியாமப் போச்சே!"

மாலையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அல்போன்சாதான் வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லா இருக்கே பாய், கதையை இவங்ககிட்டயா சொல்றீங்க? ராணி கன்னத்துல இடவலம் மாறி இருந்தது எழுத்துன்னே எங்க பக்கம் ஒருத்திக்கும் தெரியல. முதல் சனிக்கிழமையே எழுந்து நின்னு, 'அது எங்க வீட்டுக்காரர் பேரு'ன்னு எல்லாருக்கும் படிச்சுக் காட்டினது இவங்கதானே!"